சிலிண்டர் ஆறும்வரை

நாற்பத்திரண்டு புள்ளி ஆறு. எடைமேடையின் சிவப்பு எண்கள் அப்படித்தான் சொல்கின்றன. மணி பன்னிரண்டு நாற்பது. இரும்பும் உள்ளே இருக்கும் கேஸும் சேர்ந்து நாற்பத்திரண்டு கிலோ அறுநூறு கிராம். காலை பத்து மணிக்கே சிலிண்டரை வெயிலிலிருந்து தூக்கிவந்து இந்தத் தகரக் கொட்டகைக்குள் வைத்து, ஹோஸ் போட்டு, கேஜையும் மாட்டிவிட்டார்கள். இரண்டு மணிவரை யாரும் அதன்மேல் கை வைக்கக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். ஆற வேண்டும். ஆறி, சிலிண்டரும் கொட்டகையும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு கேஜ் என்ன காட்டுகிறதோ அதுதான் அந்தக் கேஸின் ஜாதகம். முப்பத்தைந்து டிகிரி என்றால் அழுத்தம் நூற்றெண்பத்திரண்டு காட்ட வேண்டும். கூடினால் உள்ளே காற்றோ வேறு கேஸோ கலந்திருக்கிறது என்று அர்த்தம். மனைவி சலேத்தின் பிறந்தநாளை மறந்து வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறேன், இந்த நூற்றெண்பத்திரண்டை ஒருநாளும் மறந்ததில்லை. இரண்டு மணிக்கு ஊசி அங்கே நின்றால் கையெழுத்து. இல்லாவிட்டால் மூன்று இருபது பஸ். அதுவரை எனக்கு வேலை இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சிலிண்டர் ஆறுவதைப் பார்ப்பதுதான் வேலை. முப்பத்தோரு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்தவனுக்கு இது பழக்கம்தான்.

"சார், கேபினுக்கு வந்து உக்காருங்களேன், அங்க ஃபேனாச்சும் இருக்கு" என்றாள் தமயந்தி. இந்தக் கம்பெனியை இப்போது தனியாக இழுத்துக்கொண்டிருப்பவள். நாற்பது வயதிருக்கும், இரண்டு பார்ட்னர்கள் கழன்றுகொண்ட பிறகும் நின்றவள். "இருக்கட்டும்மா, நான் இங்கயே இருக்கேன்" என்றேன். "சிலிண்டரை யாராச்சும் மாத்தி வெச்சிருவாங்கன்னு பாக்குறீங்களா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆமாம் என்று சொல்ல எனக்கும் கூச்சமில்லை, சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. "பாருங்க சார், நல்லாப் பாருங்க, முன்னாடி வந்தவங்க யாரும் இவ்வளவு நேரம்கூட உக்காரல" என்று சொல்லிவிட்டு போனைக் காதில் வைத்தபடி போய்விட்டாள். நாலு ஆட்கள் டிபன் பாக்ஸோடு வெளியே நிழலுக்குப் போனார்கள். ஐந்து பேர் என்று பேப்பரில் இருந்தது. இன்னொருவன் லீவாக இருக்கலாம். கொட்டகை காலியாகிவிட்டது. மோட்டார் நின்றது, தரையோரம் இருந்த பெரிய எக்ஸாஸ்ட் ஃபேனும் நின்றது, சுற்றிச் சுற்றி, சோம்பலாக, நின்றேவிட்டது. எல்லாம் நின்ற பிறகு என் இடது காதில் இருக்கும் சத்தம் மட்டும் பாக்கி.

அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உஸ் என்று மெல்லிசாக, ஓயாமல். பத்தொன்பது வருஷமாக இருக்கிறது. மெஷின் ரூமிலேயே வாழ்ந்ததில் நரம்பு கெட்டுப்போயிற்று, பழகிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். பழகிவிட்டது. ஜெபமாலை சொல்லும்போதும் இருக்கும், சலேத் திட்டும்போதும் இருக்கும். வெயிலில் கொஞ்சம் கூடும். இன்றைக்குக் கூடித்தான் இருக்கிறது, ஏப்ரல் மாசத் துவாக்குடி வெயில். மடியில் தமயந்தி கொடுத்த பேப்பர்கள். பத்துத் தடவை படித்தாகிவிட்டது. பனிமலை ரீசைக்கிளிங், மறுசீரமைப்புத் திட்டம். பழைய ஏசியிலும் ஃபிரிட்ஜிலும் மிஞ்சும் கேஸை மெக்கானிக்குகளிடம் கிலோக் கணக்கில் வாங்கி, காய்ச்சிச் சுத்தம் செய்து, திரும்ப விற்கும் கம்பெனி. நல்ல யோசனைதான். நாசமானது என்னைப் போன்ற ஆட்களால். மெக்கானிக் ஒரே ஒரு சிலிண்டரைத்தான் வண்டியில் வைத்திருப்பான். இந்த வீட்டு ஏசியில் எடுத்தது, அந்தக் கடை ஃபிரிட்ஜில் எடுத்தது, எல்லாம் அதே சிலிண்டருக்குள். கலந்த கேஸைப் பிரிப்பது பாயசத்திலிருந்து சர்க்கரையைப் பிரிக்கிற வேலை. விற்ற சரக்கு திரும்பி வந்தது, பெயர் கெட்டது, பார்ட்னர்கள் போனார்கள். இப்போது தமயந்தி ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் சின்னச் சின்னதாக மூன்று சிலிண்டர், மூன்று நிற மூடி போட்டுக் கொடுக்கிறாள். பைக்கில் மாட்டிக்கொள்ளலாம். மெக்கானிக்கின் சோம்பேறித்தனத்தை அறிந்து செய்த காரியம். அதைப் படித்தபோதுதான் இவளுக்குப் பணம் கொடுக்கலாம் என்று முதலில் தோன்றியது.

சலேத்துக்குத் தோன்றவில்லை. "ஊர்ல போஸ்ட் ஆபீஸ் இல்லையா? கேஸ் கம்பெனிதான் கெடச்சுதா உங்களுக்கு? அதுவும் படுத்துக் கெடக்குற கம்பெனி" என்று காலையில் இட்லி வைக்கும்போதுகூடக் கேட்டாள். நியாயம். மணப்பாறையில் இருந்த இடத்தை விற்ற பணமும் தோஹாவிலிருந்து கொண்டுவந்ததும் சேர்ந்து இருபத்திரண்டு லட்சம். அவ்வளவுதான் மொத்தமும். அது போனால் அறுபத்தொரு வயதில் மறுபடி ஸ்பேனரைத் தூக்க வேண்டும், தோள் ஒத்துழைக்காது. நான் அவளிடம் வட்டி சொன்னேன், எதிர்காலம் சொன்னேன், புது கேஸ் விலை ஏற ஏறப் பழைய கேஸுக்கு மதிப்புக் கூடும் என்றேன். எல்லாம் உண்மை. எல்லாம் சேர்ந்தும் காரணம் ஆகவில்லை. அவளும் அதைக் கண்டுபிடித்துவிட்டாள், முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியவள். "வேற என்னமோ இருக்கு" என்றாள். சட்னியில் உப்பு கம்மி என்று பேச்சை மாற்றிவிட்டேன். நாற்பத்தொன்று புள்ளி ஏழு. எடைமேடை மலிவுச் சரக்கு போலிருக்கிறது, வெயில் ஏற ஏற எண் நகர்கிறது. திட்டத்தில் நல்ல எடைமேடை வாங்கவும் சொல்ல வேண்டும்.

பேப்பரில் மூன்றாவது பக்கம் எனக்குப் பிடித்த பக்கம். குறைத்த செலவுகள். முதலாளிக்குச் சம்பளமில்லை. வாடகைக் கார் நிறுத்தம். மின்கட்டணம் மூன்றில் ஒரு பங்கு குறைப்பு: வேலை நடக்காத நேரத்தில் மோட்டார், தரை எக்ஸாஸ்ட் நிறுத்தம். பழைய எடைமேடைக் குழியை மூடும் சிமென்ட் வேலை: தள்ளிவைப்பு. இந்த இரண்டு வரியிலும் நான் பென்சிலால் டிக் போட்டிருக்கிறேன். பரவாயில்லை, சிக்கனம் தெரிந்த பொம்பளை என்று நினைத்தது ஞாபகமிருக்கிறது. குழி அதோ, சிலிண்டருக்கு நாலடி தள்ளி. லாரிச் சரக்கை நிறுக்க ஒரு பெரிய எடைமேடை இருந்ததாம். கஷ்டம் வந்தபோது மேடையை விற்றுவிட்டார்கள், குழியை யார் வாங்குவார்கள். இடுப்பளவு ஆழமாம், பாதியைப் பலகை போட்டு மூடியிருக்கிறார்கள். தரை அந்தப் பக்கம் லேசாகச் சரிகிறது. விளிம்பில் ஒரு ஜோடி செருப்பு. பழுப்பு நிறம், ஒரு வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கிறது. நான் வந்தபோது அங்கே இருந்ததா? யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. யாரோ கழற்றிப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறான். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வெயிலில் எவனாவது போவானா? போவான், ஆட்கள் என்ன வேண்டுமானாலும் செய்வார்கள். நான் செருப்பைப் பார்ப்பதை விட்டுவிட்டு எண்ணைப் பார்த்தேன். நாற்பத்தொன்று புள்ளி ஒன்று.

எத்தனை கிலோ கேஸைக் காற்றில் திறந்துவிட்டிருப்பேன் என்று ஒருதரம் கணக்குப் போட முயன்றேன். வருஷத்துக்கு இருநூறு என்றாலும் ஆறாயிரம் கிலோ தாண்டும். வால்வைத் திறந்தால் உஸ் என்று போய்விடும். மெஷின் வைத்து சிலிண்டரில் பிடிக்க நாலு மணி நேரம், திறந்துவிட முக்கால் மணி நேரம். யார் பிடிப்பார்கள்? ஓசோன் ஓட்டையைப் பற்றி எங்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தார்கள், டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள், பிஸ்கட் நன்றாக இருந்தது. வானத்தில் ஓட்டை விழுந்ததற்காக நான் ஒருநாளும் தூக்கம் கெட்டவனில்லை. அதை மட்டும் நேர்மையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். இந்தக் கேஸ் மேலே போவது அப்புறம். முதலில் அது கீழே போகும். காற்றைவிட மூன்று மடங்கு கனம். வாசனை இல்லை, நிறம் இல்லை, தண்ணீர் மாதிரிப் பள்ளம் பார்த்து ஓடி, அங்கே இருக்கும் காற்றை மேலே தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். இது எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

தொண்டி ஹபீப். ரூமில் என் கட்டிலுக்கு மேல்கட்டில். தோஹாவில் கோடைக்காலத்தில் மதியம் மூன்று மணிவரை வெளிவேலை கிடையாது, சட்டம். எல்லாரும் கட்டடத்துக்குள் எங்காவது குளிர்ச்சியான மூலையாகப் பார்த்துப் படுப்பார்கள். நாங்கள் அடித்தள மெஷின் ரூமில் ஒரு பெரிய சில்லரை, கட்டடம் முழுவதற்கும் குளிர் அனுப்பும் மெஷினை, கழற்றிக்கொண்டிருந்தோம். சாயங்காலத்துக்குள் முடிக்கச் சொல்லியிருந்தார்கள். எல்லாரும் படுக்கப் போயாச்சு என்று நினைத்து வால்வைத் திறந்துவிட்டு நான் மாடிக்குப் போனேன். ஹபீப் பம்ப் குழிக்குள் படுத்திருந்தான். சில்லென்று இருக்குமாம் அங்கே, சிமென்ட். மூன்று மணிக்கு எழுந்திருக்கவில்லை. வெயில், மாரடைப்பு என்று எழுதினார்கள், கோடையில் அப்படி எழுதுவது வழக்கம். யாரும் என்னைக் கேட்கவில்லை. அவன் பெட்டியை நான்தான் கட்டினேன். மகளுக்கு வாங்கிய பொம்மை, அத்தர் பாட்டில், அப்புறம் நீல ரப்பர் செருப்பு. வால்வைத் திறக்கும்போது அந்தச் செருப்பு குழி ஓரத்தில் கிடந்ததை நான் பார்த்தேன். இதுதான் விஷயம். பார்த்தேன். யாரோ போட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தேன். இரண்டு எட்டு நடந்து எட்டிப்பார்த்திருக்கலாம். சாப்பாட்டு நேரம், பசி. அன்று சாயங்காலம்தான் காதில் சத்தம் தொடங்கியது. டாக்டர் நரம்பு என்கிறார்.

அதற்குத்தான் இந்த இருபத்திரண்டு லட்சம் என்று சலேத்திடம் எப்படிச் சொல்வது? திறந்துவிட்டதை எல்லாம் இன்னொருத்தி பிடித்து அடைக்கிறாள், அவளுக்குக் கொடுத்தால் கொஞ்சம் சரியாகும் என்று ஒரு நப்பாசை. ஆறாயிரம் கிலோவுக்கு அது சரியாகலாம். ஹபீபுக்கு ஒன்றும் ஆகாது, அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வந்து உட்கார்ந்திருக்கிறேன். பயம் வேறு. பணம் போய்விடுமோ என்று ஒரு பயம், போனால்தான் நிம்மதியோ என்று அதைவிடக் கெட்ட ஒரு பயம். கேஜ் ஊசி நூற்றெண்பத்து நாலு பக்கம் வந்திருக்கிறது, இன்னும் இறங்கும். முப்பத்தொன்பது புள்ளி எட்டு. வெயிலுக்கு எண் நகரும் என்றாலும் இவ்வளவு நகருமா? இரண்டே முக்கால் கிலோ. காதுச் சத்தம் இன்றைக்குத் தாங்க முடியவில்லை. கூடும்போது நான் செய்வது ஒன்றுதான், இரண்டு உள்ளங்கையாலும் காதை இறுகப் பொத்திக்கொள்வேன். குறையாது, உள்ளே இருக்கிற சத்தம் பொத்தினால் இன்னும் பெரிதாகத்தான் கேட்கும். ஆனாலும் பொத்துவேன், பழக்கம். பொத்தினேன். குறைந்தது. கையை எடுத்தேன், கூடியது. மறுபடி பொத்தினேன், குறைந்தது. ஐயோ, இது என் சத்தம் இல்லை.

ஹோஸும் வால்வும் சேரும் இடத்தில் பித்தளை வெள்ளையாகப் பனி பூத்திருந்தது, கேஸ் கசிந்தால் அப்படித்தான் பூக்கும். தேய்ந்த வாஷர். தரை சரிவு. நின்ற ஃபேன். செருப்பு. எல்லாம் என் கண்ணெதிரே ஒரு மணி நேரமாக இருந்தவைதான். இரண்டு எட்டு நடந்து எட்டிப்பார்த்தேன். பலகைக்குக் கீழே, சாக்கை விரித்து, முண்டாசுத் துண்டைத் தலைக்கு வைத்து ஒரு ஆள் மல்லாந்து கிடந்தான். ஐந்தாவது ஆள். வாய் திறந்திருந்தது. உதடு ஊதா. வால்வை அடைத்தேன், சுவரில் ஃபேன் சுவிட்சை அடித்தேன், "தமயந்தி, ஓடி வாம்மா" என்று கத்தினேன். எனக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது. மூச்சை முழுசாக இழுத்து அடக்கிக்கொண்டு குழிக்குள் இறங்கினேன். குனிந்தால் நானும் அங்கேயே படுக்க வேண்டியதுதான், தெரியும். அவன் அக்குளுக்குள் கை கொடுத்துத் தூக்கி உட்காரவைத்தேன், பிறகு நிற்கிற மாதிரிச் சுவரில் சாய்த்து முட்டுக்கொடுத்தேன். தோள் ஒத்துழைத்தது. மேலே தமயந்தி குப்புறப் படுத்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள், ஆட்களும் ஓடிவந்துவிட்டார்கள். நான் மேலே ஏறி மூச்சை விட்டபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. நாற்காலியைத் தேடினேன், அது அங்கேயே இருந்தது.

வெளியே மரத்தடியில் கிடத்தி, சட்டையைத் தளர்த்தி, ஒருவன் பேப்பரால் விசிறினான். என்னுடைய மூன்றாவது பக்கம்தான் அது, டிக் போட்ட பக்கம். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அவன் ஒருமுறை இருமினான். அப்புறம் நிறைய இருமினான். கண்ணைத் திறந்து எல்லாரையும் பார்த்துவிட்டு, "மணி ரெண்டாயிருச்சா?" என்று கேட்டான். ஒருவன் சிரித்தான், உடனே அழுதுவிட்டான். "கோட்டைச்சாமியண்ணே, எத்தனை தடவை சொல்லியிருக்கேன் அங்க படுக்காதீங்கன்னு" என்றாள் தமயந்தி. "சில்லுன்னு இருக்கும் தாயி" என்றான் அவன். எனக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆட்டோ வந்தது, ரெண்டு பேர் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், அவன் ஏறும்போது செருப்பைக் கேட்டான். நான்தான் எடுத்துக்கொண்டுபோய்க் காலடியில் போட்டேன். ஊக்கு குத்திய வாரில் விரல் நுழையாமல் கொஞ்ச நேரம் தடுமாறினான். குனிந்து மாட்டிவிட்டேன்.

"எப்படி சார் தெரிஞ்சுது?" என்று கேட்டாள் தமயந்தி. "செருப்பு" என்றேன். அவளுக்குப் புரிந்திருக்காது. உள்ளே போனோம். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்தெட்டு புள்ளி ஒன்பது. புது வாஷர் போட்டு, வால்வைத் திறந்து கேஜைப் பார்த்தேன், பார்க்க வேண்டும் என்றுகூட இல்லை, கை தானாகப் போனது. தெர்மாமீட்டரில் முப்பத்தைந்து. ஊசி நூற்றெண்பத்திரண்டில், மயிரிழை பிசகாமல். தமயந்தி மேஜைமேல் இருந்த பத்திரத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் சார். இன்னிக்கு நான் கேக்க மாட்டேன்." "உன் கேஸ் சுத்தம்மா" என்றேன். "அதுல ஒரு குறையும் இல்ல. மூணாம் பக்கத்துல நான் டிக் போட்டது தப்பு. ஃபேன் ராவும் பகலும் ஓடட்டும். அந்தக் குழிய நாளைக்கே சிமென்ட் போட்டு மூடு, என் பணத்துல மூடு. மூடினப்புறம் போன் பண்ணு, வந்து கையெழுத்துப் போடுறேன்." அவள் தலையாட்டினாள்.

கேட்டுக்கு வெளியே வந்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது. சலேத். "என்னங்க, மணி ரெண்டரை ஆகுது. ஆறுச்சா? சுத்தமா?" "சுத்தம்" என்றேன். "அப்ப போட்டுட்டீங்களா?" ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. இடது காதில் உஸ் என்று இருந்தது, என்னுடையது, வழக்கமான அளவில். ஒரு கையால் பொத்திப் பார்த்தேன், குறையவில்லை. "இன்னும் போடல. சலேத், நீ காலையில கேட்டியே, வேற என்னமோ இருக்குன்னு" என்றேன். "ஆமா" என்றாள். "எங்கூட ரூம்ல இருந்தானே, தொண்டி ஹபீப். அவனுக்கு மாரடைப்பு இல்ல."